பரிசுக்குச் சாக்லேட், தண்டனைக்குத் தோப்புக்கரணம்: இரண்டையும் நிறுத்துங்கள்

(டே கேர், டியூஷன் சென்டர் பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்)

திருச்சியில் டே கேர் நடத்துகிறேன். மாலையில் 30 பிள்ளைகள், 4 பணியாளர்கள். ஊட்டச்சத்து பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்க வருவீர்களா?

வகுப்பு வேண்டாம். வைட்டமின் பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே, பசியோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காரணம் அறியாமை இல்லை. அந்த நேரத்துக்கு வேறெதுவும் தயாராக இல்லை, அவ்வளவுதான். எனவே பயிற்சியை அடுப்படியில் வையுங்கள். தலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் 900 கிராம். முதல் நாள் இரவு ஊற வைப்பது யார், மறுநாள் மூன்று மணிக்குக் குக்கர் ஏற்றுவது யார் என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடலை, பச்சைப்பயறு, அவித்த முட்டை, வாழைப்பழம் என வாரத்துக்கு முறை வைத்தால் போதும்.

பாலில் ஹெல்த் டிரிங்க் பவுடர் கலக்கலாமா?

வேண்டாம். டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

பெற்றோரே சிப்ஸும் குளிர்பானமும் கொடுத்தனுப்புகிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. பள்ளிக்கு ஆகாதது உங்களிடமும் ஆகாது. 200 மில்லி கோலாவில் ஏறக்குறைய 5 தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் முடித்தால் சாக்லேட், முடிக்காவிட்டால் 20 தோப்புக்கரணம், விளையாட்டும் கிடையாது. எங்கள் டியூஷனில் இது நன்றாகவே வேலை செய்கிறது. தவறா?

தவறு. பெரிய தவறு. உங்கள் முறையில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? இனிப்பு என்றால் வெற்றி, உடம்பை வளைப்பது என்றால் அவமானம். பத்து வயதில் தோப்புக்கரணத்தைத் தண்டனையாகப் போட்ட பிள்ளை, பெரியவனானதும் உடற்பயிற்சியை விரும்பிச் செய்வான் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? அதோடு, யார் வீட்டுப்பாடம் முடிக்காமல் வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுவென்று இருப்பவர்கள். ஓடியாட வேண்டிய தேவை அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களைப் பிடித்து மூலையில் உட்கார வைக்கிறீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியிலும் டியூஷனிலும் உட்கார்ந்தே பொழுது போய்விட்டால் அது எங்கே நடக்கும்? முதல் அரை மணி நேரம் எல்லோரும் விளையாடட்டும். பாடம் பிறகு. முடித்தவருக்கு ஒரு பாராட்டு, அடுத்த நாள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சாக்லேட் டப்பாவை இன்றே எடுத்து வையுங்கள்.

எங்களிடம் மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறது. என்ன விளையாட வைப்பது?

கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாண்டி, ஸ்கிப்பிங், நொண்டி எல்லாம் ஆடலாம். ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். ‘அவுட்’ ஆனவர் வெளியே உட்காரக் கூடாது. மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்க்கும். பத்து முறை குதித்துவிட்டு உள்ளே வரட்டும், அல்லது எதிரணியில் சேரட்டும்.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வறுத்த வேர்க்கடலை தரலாமா?

முழுசாகத் தரவே கூடாது. மூச்சுக்குழாயில் அடைக்கும். பொடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள், அதையும் உட்கார வைத்து.

நானே குண்டாக இருக்கிறேன். உடற்பயிற்சி பற்றிப் பிள்ளைகளிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம் அம்மா. நீங்கள் பேச வேண்டியதே இல்லை, சேர்ந்து ஆடினால் போதும். அவர்கள் தட்டில் இருக்கும் சுண்டலையே நீங்களும் சாப்பிடுங்கள். பிள்ளைகள் முன்னால் எவருடைய எடையைப் பற்றியும், உங்கள் எடை உட்பட, ஒரு வார்த்தை பேசாதீர்கள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நாளைக்கே ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையைப் பிடியுங்கள்.