சருகில் மறையும் சருகுமான்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் பரவிக் கிடக்கும். அச்சருகுகளுக்கிடையே வாழ்வதால் ‘சருகுமான்’ என்னும் பெயர் பெற்றது ஒரு சிறிய விலங்கு. ஆனைமலை, முண்டந்துறைக் காடுகளிலும் இது வாழ்கிறது.

முப்பது செ.மீ. அளவுகோல் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். சருகுமானின் தோள் அவ்வுயரத்தைத் தாண்டாது. இதன் எடை ஏறத்தாழ 3 கிலோ. பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகளும் கோடுகளும் வரிசையாக அமைந்திருக்கும். இலைகளினூடே தரையில் விழும் வெயிற்பொட்டுகளைப்போல் அவை தோன்றுவதால், அசையாது நிற்கும் சருகுமானைக் கண்டறிதல் அரிது.

மான் எனப்பட்டாலும் இது மான் இனத்தைச் சேர்ந்ததன்று. இதற்குக் கொம்புகள் இல்லை. ஆணுக்கு மேல்தாடையில் நீண்ட கோரைப்பற்கள் உண்டு. அசைபோடும் விலங்காயினும், மானைப்போல் நான்கு அறைகள் கொண்ட இரைப்பை இதற்கு இல்லை. மூன்று அறைகளே நன்கு வளர்ந்துள்ளன.

பகலில் மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ ஒடுங்கியிருக்கும் சருகுமான், இரவில் தனியே வெளிவந்து உதிர்ந்த பழங்களையும் இலைகளையும் உண்ணும். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும்.

எதிர்த்துப் போரிட வலிமையற்ற இவ்விலங்குக்கு மறைவே அரண். காட்டுத்தீ சருகுகளை எரித்துவிட்டால் அவ்வரண் அழிகிறது. வேட்டையாடுவோர் வைக்கும் கண்ணியிலிருந்தோ மறைவும் காப்பதில்லை. எனவே, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. ஐதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் 2010ஆம் ஆண்டு இதற்கான இனப்பெருக்கத் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு வளர்ந்த சருகுமான்கள் சில, 2017ஆம் ஆண்டு தெலங்கானாவின் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விடப்பட்டன. கூண்டில் பிறந்த அவை, அங்குதான் முதன்முறையாகக் காட்டுச் சருகில் கால் பதித்தன.

சொற்பொருள்
சருகு – உலர்ந்த இலை
அரண் – பாதுகாப்பு
கண்ணி – விலங்குகளைச் சிக்கவைக்கும் சுருக்கு
ஈனுதல் – குட்டி போடுதல்

வினாக்கள்
1. சருகுமான் அப்பெயர் பெற்றது ஏன்?
2. சருகுமானுக்கும் மானுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினைக் கூறுக.
3. ‘மறைவே அரண்’ என்பதை விளக்குக.
4. பிரித்து எழுதுக: மரப்பொந்து, அச்சருகு.
5. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் சருகுமானை எவ்வாறு அழைக்கின்றனர்? கேட்டறிந்து, அப்பெயரின் பொருளைத் தமிழில் எழுதுக.