காப்பார் அணிலின் எடை: ஓர் அளவுப் பாடம்

காப்பார் என்றதும் நம்மில் பலருக்கு மின்நிலையமும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். விலங்கியல் ஏடுகளிலும் கிள்ளானுக்கு அருகிலுள்ள அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. 1911-ஆம் ஆண்டு ராபின்சன், குளோஸ் எனும் அருங்காட்சியக அறிஞர் இருவர், காப்பாரில் கிடைத்த ஒரு சிறிய பறக்கும் அணிலைப் புதிய இனமாக அறிவித்தனர். அதன் அறிவியல் பெயர் பெத்தாவுரில்லுஸ் கின்லோச்சி. தமிழில் 'சிலாங்கூர்க் குட்டிப் பறக்கும் அணில்' என்று சொல்லலாம். இதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டும் போர்னியோவில் வாழ்கின்றன. இதுவோ தீபகற்ப மலேசியாவுக்கே உரியது.

'பறக்கும்' என்று சொன்னாலும் இதற்குச் சிறகில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்திற்குக் காற்றில் சறுக்கிச் செல்லும். இரவில்தான் நடமாடும்.

எப்படி அளப்பது?

எலி, அணில் போன்ற கொறிப்பன எதுவாயினும் ஆய்வாளர்கள் முதலில் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளப்பார்கள். வால், பின்பாதம், காது ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பார்கள். வாலைச் சேர்த்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். அது நீளமானது, ஆனால் எடை குறைந்தது. சில வேளைகளில் அறுந்தும் போயிருக்கும். நம் அணிலின் தலையும் உடலும் சேர்ந்து 8 முதல் 9 சென்டிமீட்டர். வாலும் ஏறத்தாழ அதே நீளம். வாலை விட்டுவிட்டால், வீட்டுச் சுண்டெலி அளவுதான்.

எடையின் கதை வேறு. வயது, கருவுற்றிருத்தல், வயிற்றிலுள்ள உணவு என எல்லாவற்றாலும் அது மாறும். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த தோலின் நீளத்தை நூறு ஆண்டு கழித்தும் அளக்கலாம். உயிருள்ளபோது இருந்த எடையை அதிலிருந்து பெற முடியாது. பிடித்த அன்றே நிறுத்து எழுதியிருந்தால்தான் உண்டு.

ஒரு கணக்கு

இடைநிலைப்பள்ளியில் நாம் மலாயில் 'லுவாஸ்' என்றும் 'ஈசிபாடு' என்றும் படித்த பரப்பளவும் கன அளவும் இங்கே உதவும். நம் காடுகளில் வாழும் பெரிய செம்பறக்கும் அணிலின் தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். எடை 2 கிலோ அளவில் இருக்கும். குட்டி அணிலை 8.5 சென்டிமீட்டர் என்று கொண்டால், பெரியது 4.7 மடங்கு நீளம். உருவம் ஒன்றுபோல் இருந்தால், எடை 4.7-இன் கன மடங்காக, அதாவது ஏறத்தாழ 104 மடங்காக இருக்கும். 2,000 கிராமை 104-ஆல் வகுத்தால் 19 கிராம் வருகிறது. இது மதிப்பீடே தவிர அளவு ஆகாது. ஆயினும் இவ்வணிலைக் கிலோவில் அல்ல, கிராமில் எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. சறுக்கும் தோலின் பரப்பு, நீளத்தின் வர்க்கமாகவே குறையும். அதாவது 22-இல் ஒரு பங்கு. எடையோ 104-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே குட்டி அணிலின் ஒவ்வொரு கிராமையும் தாங்க 4.7 மடங்கு கூடுதலான தோல் கிடைக்கிறது. சிறியதாக இருப்பதே அதற்கு ஒரு வசதி எனலாம்.

நமக்கென்ன?

பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இவ்வினம் 'போதிய தரவு இல்லை' என்ற பிரிவில் உள்ளது. இதற்கு 'ஆபத்து இல்லை' என்று பொருளன்று. எத்தனை எஞ்சியுள்ளன, எங்கெங்கே வாழ்கின்றன என்று கணக்கிடப் போதுமான பதிவுகள் இல்லை என்பதே பொருள். இதற்கிடையில் நிலம் காத்திருக்கவில்லை. இவ்வணில் பெயர் பெற்ற காலத்தில் கிள்ளான் வட்டாரக் காடுகள் பால்மரத் தோட்டங்களாகிக்கொண்டிருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் நம் முன்னோர். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. பறக்கும் அணில்கள் தங்குவது மரப்பொந்துகளில். முதிர்ந்த மரம் சாய்ந்தால் பொந்தும் போய்விடும்.

எனவே மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது சிறிதே எனினும் பயனுள்ளது. காட்டு விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்; 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. ஆனால், சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் சிறு அணிலைக் கண்டால் கையால் தொடாமல், அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கலாம். நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து வனவிலங்குத் துறையிடமோ பல்கலைக்கழக விலங்கியல் ஆசிரியரிடமோ சேர்க்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி, தாத்தாவிடம் இரவில் மரம் விட்டு மரம் தாவிய சிற்றணிலைப் பற்றிக் கேட்டு எழுதி வைக்கலாம். நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய உயிர் இது. அதனைப் பற்றிய நான்கு எண்களைச் சரியாகக் குறித்து வைப்பதும் ஒரு தொண்டே ஆகும்.