காரணமின்றி நிற்கும் கணிப்பொறி

கணிப்பொறியில் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரெனத் திரை உறைந்துவிடுகிறது. எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ஓடுகிறது. பிறகு மீண்டும் நிற்கிறது. ஒரு நாள் பத்து நிமிடத்தில், மறுநாள் ஐந்து மணி நேரத்தில்! அடியோடு இயங்காத பொறியைப் பழுது பார்ப்பது எளிது. அவ்வப்போது நிற்கும் பொறிதான் பொல்லாதது. நாம் செய்த மாற்றம் பலித்ததா, அல்லது அது தற்செயலாகச் சிறிது நேரம் ஓடுகிறதா என்று எப்படி அறிவது?

எங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் இத்தகைய பொறி ஒன்று இருந்தது. முதுகலை மாணவி ஒருவர் கைகர் எண்ணியை அதனுடன் இணைத்து இரவு முழுவதும் அளவீடு எடுத்துவந்தார். காலையில் வந்து பார்த்தால் திரை உறைந்து கிடக்கும். அளவீடுகள் பாதியில் நின்றிருக்கும். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதமே இருந்தது. பழுது பார்க்க வந்தவர் இயக்க மென்பொருளை அழித்து இருமுறை புதிதாக நிறுவினார். பயனில்லை.

நாங்கள் முதலில் செய்தது, எஞ்சியிருந்த அளவீடுகளைப் பென் டிரைவில் நகலெடுத்தது. பழுது பார்க்கும் ஆர்வத்தில் பலரும் மறப்பது இதைத்தான். அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொறி நின்ற நேரம், இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று, அப்போது என்ன வேலை நடந்தது என்று எழுதிவந்தோம். ஒரு வாரத்தில் ஒன்று புலப்பட்டது: சராசரியாக 3 மணி நேரத்திற்கு ஒரு முறை நிற்கிறது.

வெப்பம் காரணமாக இருக்குமா? விசிறியிலும் அதனடியிலுள்ள அலுமினியத் தகடுகளிலும் தூசி அடைத்தால் நுண்செயலி சூடேறும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பல நுண்செயலிகள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் மேலே போனால் பொறி அணைந்துவிடும். எங்கள் பொறியில் 61 டிகிரிதான். மின்வழங்கியின் 12 வோல்ட் கம்பியில் 5 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. எங்களுக்குக் கிடைத்தது 11.9. இதுவும் சரியே. (மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.)

எஞ்சியது நினைவகம். 4 ஜிகாபைட் நினைவக அட்டை ஒன்றில் 3,400 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய மின்தேக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0 என்று கொள்ளலாம். அந்த மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். எங்கேனும் ஒரு 1 தவறி 0 ஆகிவிட்டால் என்ன நேரும்? அது படத்தின் ஒரு புள்ளியாக இருந்தால் நிறம் சற்று மாறும், எவரும் கவனிக்கமாட்டார். ஒரு கட்டளையின் பகுதியாக இருந்தால் பொறி தடம் புரளும். ஒரே பழுது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாய்த் தோன்றுவதற்கு இதுவே காரணம். 1978-இல் இன்டெல் பொறியாளர்கள், நினைவகச் சில்லின் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியம், தோரியம் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்களே இப்படிப் பிழை உண்டாக்குவதைக் கண்டுபிடித்தார்கள்!

எங்கள் பொறியில் இரண்டு அட்டைகள், இரண்டு செருகிடங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தைப் போக்கிய பின், ஓர் அட்டையைக் கழற்றினோம். இயக்க மென்பொருளின் உதவியின்றிப் பென் டிரைவிலிருந்தே ஓடும் நினைவகச் சோதனை நிரலை இயக்கினோம். 3 மணி நேரம் பிழையில்லை. "கழற்றியதுதான் பழுது சார்! புதியது வாங்கிவிடலாம்" என்றார் மாணவி.

சற்றுப் பொறுங்கள். அவர் அளந்துகொண்டிருந்த கதிரியக்கச் சிதைவின் கணக்கே இங்கும் பொருந்தும். சராசரியாக 3 மணிக்கு ஒரு முறை தற்செயலாய் நேரும் பழுது, 3 மணி நேரம் தலைகாட்டாமல் இருக்க 100-க்கு 37 வாய்ப்பு உண்டு. 6 மணிக்கு அந்த 37-இல் 37 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 14. 9 மணிக்கு 5. 12 மணிக்கு 2-க்கும் குறைவு. ஆகவே ஒவ்வொரு சோதனையையும் 12 மணி நேரம் ஓடவிடுவதென முடிவு செய்தோம்.

இன்னொன்றும் உண்டு. அட்டையைக் கழற்றும்போது ஒரு செருகிடமும் காலியாகிறதல்லவா? இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. எனவே இரண்டு அட்டைகளையும் இரண்டு செருகிடங்களிலும் தனித்தனியே வைத்து நான்கு சோதனைகள். இரண்டு நாள் ஆயின. முதல் செருகிடத்தில் எந்த அட்டையை வைத்தாலும் பிழையில்லை. இரண்டாவதில் எதை வைத்தாலும் பிழை! அட்டைகள் இரண்டும் நல்லவை. செருகிடத்தின் தொடர்புதான் கெட்டிருந்தது. புதிய அட்டை வாங்கி அதே இடத்தில் செருகியிருந்தால் பணமும் போயிருக்கும், நாளும் போயிருக்கும்.

இரண்டாம் செருகிடத்தின்மேல் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினோம். பாதி நினைவகத்துடன் பொறி சற்று மெதுவாகவே ஓடியது; கைகர் எண்ணிக்கு அது போதும். மறுநாள் காலையில் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.