கணக்கில் வராத கடன்

அன்புள்ள தம்பிக்கு,

ஓயாமல் மழை தூறும் லண்டனில் தண்ணீருக்கு ஏன் இத்தனை நெருக்கடி, கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டிருந்தாய். லண்டனில் மழை நாட்கள் அதிகம், மழை அதிகமில்லை. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. சென்னையில் பெய்வது அதைப் போல இரு மடங்குக்கும் மேல். அப்படிக் குறைவாக மழை பெய்யும் லண்டனில், தேம்ஸ் வாட்டர் நிறுவனம் சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்து மண்ணுக்குள் போகிறது. ஆகவே, வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்திருக்க வேண்டிய பராமரிப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போட்டதே இந்த நெருக்கடிக்கு வேர் என்பது என் கருத்து.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பிறகுதான், ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அன்று லண்டனில் வாழ்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர் கட்டியது 40 லட்சம் பேருக்கு. வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துக் கட்டியதால்தான் அது இன்றும் உழைக்கிறது. ஆனால் இன்றைய மக்கள்தொகை சுமார் 90 லட்சம். வீட்டுக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் அமைப்பு அது. அதனால் பலத்த மழை பெய்தபோதெல்லாம் இரண்டும் கலந்து நதியில் வழிந்தன. இதைத் தடுக்க மேற்கே ஆக்டனிலிருந்து கிழக்கே ஏபி மில்ஸ் வரை 25 கிலோமீட்டர் நீளத்தில் தோண்டிய டைட்வே சுரங்கம் 2025-இல்தான் முழுமையாக இணைக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக முன்னோர் செய்த உபகாரத்திலேயே காலம் ஓட்டியிருக்கிறோம்.

தள்ளிப்போடுவது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? குழாய் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஆண்டு மாற்றாவிட்டால் இந்த ஆண்டே உடையும் என்பதும் இல்லை. லண்டனின் களிமண் கோடையில் சுருங்கி, குளிர்காலத்தில் ஈரமேறி உப்பும். மெல்லத் துருப்பிடித்து வரும் பழைய வார்ப்பிரும்புக் குழாய், அந்த அசைவில் ஒருநாள் விரிசல் விடும். 2016 டிசம்பரில் இஸ்லிங்டனின் அப்பர் ஸ்ட்ரீட்டில் பெருங்குழாய் ஒன்று வெடித்தபோது கடைகளிலும் வீடுகளின் அடித்தளங்களிலும் வெள்ளம் புகுந்தது. அன்றைய இழப்பு ஒரு நாளில் தெரிந்தது. காரணமோ பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. 1989-இல் கடனே இல்லாமல் தனியார் கைக்குப் போன தேம்ஸ் வாட்டரின் தோளில் இப்போது 1,500 கோடி பவுண்டுக்கு மேல் கடன் இருக்கிறது. அது ஏட்டில் தெரியும் கடன். மாற்றாமல் விட்ட ஒவ்வொரு குழாயும் எந்த ஏட்டிலும் ஏறாத இன்னொரு கடன். அதற்கும் வட்டி உண்டு; அதை உன் தலைமுறைதான் கட்டப்போகிறது.

"பங்குதாரர்கள் ஈவுத்தொகை வாங்கிக்கொண்டு போனார்கள், நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கழிவுநீர் விதிமீறலுக்காகவும் ஈவுத்தொகைக்காகவும் 2025 மே மாதம் ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்வாட் இந்த நிறுவனத்துக்கு 12.27 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. சரி, அரசுடைமை ஆக்கினால் தீர்ந்துவிடுமா? 1989-க்கு முன் அரசின் கையில் இருந்தபோதும் செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது குழாய்களில்தான். உடைமை மாறினால் லாபம் யாருக்கு என்பது மாறும். குழாயின் வயது மாறாது. யார் நடத்தினாலும் ஆண்டுதோறும் இத்தனை கிலோமீட்டர் மாற்றியாக வேண்டும், அதற்கான பணத்தை வேறெதற்கும் தொடக்கூடாது என்ற கட்டாயம் வேண்டும். வசதி இல்லாத வீட்டார் இந்தச் செலவை எப்படித் தாங்குவார்கள் என்பது இன்னும் கனமான கேள்வி. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. அதை விரிவாக்க வேண்டும். பராமரிப்பை நிறுத்துவது ஏழைக்குச் செய்யும் உதவி ஆகாது. குழாய் வெடித்து அடித்தள வீட்டில் தண்ணீர் புகுந்தால், காப்பீடு இல்லாதவனே அதிகம் இழக்கிறான்.

வீட்டுக்காரருக்கும் இதில் பங்குண்டு. தெருக் குழாயிலிருந்து மனையின் எல்லை வரை நிறுவனத்தின் பொறுப்பு. எல்லையிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் பொதுவாக வீட்டுக்காரருடையது. பலர் வீடு வாங்கி, அந்தக் குழாய் ஒழுகிய பிறகே இதை அறிகிறார்கள். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ 1970-க்கு முன் கட்டிய வீடு என்றால், அது ஈயக் குழாயாகவும் இருக்கலாம். தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் குழாயை ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டிப் பார். மென்மையாக, வெள்ளிபோல் பளபளத்தால் அது ஈயம்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை மாற்றுவதை ஒத்திப்போடக்கூடாது. கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறதா என்று அறிய, இரவில் கழிப்பறைக் கிண்ணத்தின் உட்புறப் பின்பக்கத்தில் காய்ந்த டிஷ்யூ ஒன்றை ஒட்டிவிட்டு, காலையில் யாரும் பயன்படுத்தும் முன் பார். நனைந்திருந்தால் வால்வு பழுது. சமைத்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதே. 2017-இல் ஒயிட்சேப்பல் சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு அடைத்த 130 டன் கொழுப்புப் பாறை, இப்படி ஊற்றிய எண்ணெயும் வெட் வைப்ஸும் சேர்ந்து இறுகியதுதான்.

நிறுவனம் கோடிகளை வீணாக்கும்போது ஒரு வீட்டுக் குழாயின் கசிவை அடைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதே. நிறுவனத்தின் கசிவுக் கணக்கில் வீட்டுக்காரர்களின் குழாய்களில் கசிந்து போகும் நீரும் சேர்ந்தே இருக்கிறது. தன் எல்லைக்குள் கசிவை அடைத்தவன், எல்லைக்கு அப்பால் நடப்பதைத் தட்டிக்கேட்கும்போது அந்தக் கேள்விக்கு வலு கூடும். நாளை நீ வாக்காளனாகவும் வீட்டுக்காரனாகவும் ஆவாய். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்தப் பணத்தில் இந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றினீர்கள் என்றும் கேள். அந்தக் கேள்வியை ஆண்டு தவறாமல் கேட்கும் மக்கள் இருந்தால், எந்த நிர்வாகமும் குழாய் வேலையைத் தள்ளிப்போடத் தயங்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்