மீன்தொட்டியும் சமதளமும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல் இக்காலத்து இல்லங்களிலும் கல்விச்சாலைகளிலும் பெருவழக்காயுள்ளது. மீன்களின் இனத்தையும் தொட்டியின் வனப்பையும் ஆராய்ந்து தெரிவோர் பலர். தொட்டியைத் தாங்கும் பீடம் தரையிற் செவ்வையாய் அமர்ந்துள்ளதா என நோக்குவோர் சிலரே. மேடுபள்ளமான தரையில் அப்பீடத்தை மட்டப்படுத்தும் முறையையும், அதற்குரிய காரணத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பாரத்தைக் கணக்கிடுவோம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடைய தொட்டியொன்றில் 40 செ.மீ. ஆழத்திற்கு நீர் நிரப்புவதாகக் கொள்வோம். நீரின் கன அளவு 1,62,000 கன செ.மீ. ஆகும். ஒரு கன செ.மீ. நீரின் நிறை ஒரு கிராம் ஆகலின், நீர் மட்டுமே 162 கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடி, மணல், கற்கள் ஆகியவற்றையும் கூட்டின் மொத்தப் பாரம் 200 கிலோகிராமை எட்டும். இப்பாரத்தைப் பீடத்தின் நான்கு கால்களும் சமமாய்ப் பகிர்ந்து தாங்க வேண்டும்.

பீடத்திற்கு நேரும் குற்றம் இருவகைப்படும். ஒன்று சாய்வு, மற்றொன்று முறுக்கு. இவ்விரண்டனுள் கண்ணுக்குப் புலனாவது சாய்வே. ஆயின் பெருந்தீங்கு விளைப்பது எது? நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்பப் பெருகுவது. மேற்கூறிய தொட்டியின் முன்கண்ணாடியில், சதுர செ.மீ. ஒன்றுக்குச் சராசரி அழுத்தம் 20 கிராம். நீர் தொடும் பரப்பு 3,600 சதுர செ.மீ. ஆகவே அக்கண்ணாடி தாங்கும் விசை 72 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். தொட்டி முன்புறமாக ஒரு செ.மீ. சாயின், முன்புறத்து ஆழம் 40½ செ.மீ. ஆகும், விசையோ ஏறக்குறைய 74 கிலோகிராம் எடையாகும். சிறு சாய்வினால் அழுத்தம் மிகப் பெருகுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

முறுக்கின் இயல்பு வேறு. மூன்று புள்ளிகள் எவ்வாறு அமையினும் அவற்றின் வழியே ஒரு சமதளம் செல்லும். நான்காவது புள்ளியும் அத்தளத்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முக்காலி எத்தரையிலும் ஆடாதிருப்பதும், நாற்காலி ஆடுவதும் இதனாலேயே. பள்ளத்தின்மேல் நிற்கும் கால் பாரம் ஏறியதும் கீழிறங்கும். பீடத்தின் மேற்பரப்பு திருகும். கண்ணாடியோ வளைந்து கொடுக்கும் இயல்பு குறைந்தது. ஆதலின் அடித்தகடு ஒரு மூலையில் தாங்கலின்றி நிற்க, தகட்டிலும் அதனை இணைக்கும் சிலிக்கோன் பசையிலும் இழுவிசை தோன்றும். நாளடைவில் கசிவு நேரலாம்; ஒருகால் தகடு திடீரென விரிதலும் கூடும். அங்ஙனமாயின் மீன்கள் மடிவதோடு, அருகிலுள்ள மின்கருவிகளில் நீர்பட்டு மனிதர்க்கும் அபாயம் உண்டாம்.

இனி, செய்முறையைக் கூறுவோம். வெறும் பீடத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகளைக் கையால் மாறிமாறி அழுத்துக. அது ஆடுமாயின் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்பது தெளிவு. ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தாளைச் செருகிப் பார்ப்பின் அக்கால் எதுவென அறியலாம்.

பின்னர் ரசமட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து நோக்குக. முதலில் அக்கருவியையே சோதித்தல் நன்று. ஓரிடத்தில் வைத்துக் குமிழியின் நிலையைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்திலேயே முனைமாற்றி வைக்க வேண்டும். குமிழி முன்போல் அதே திசையில் அதே அளவு விலகி நிற்பின் கருவி குற்றமற்றது.

முறுக்கை அளந்தறியக் கொத்தனார் கையாளும் நீர்க்குழாய் மட்டம் பெரிதும் உதவும். குழாயின் ஒரு முனையைச் சுவரில் நிலையாய்க் கட்டி, மறுமுனையைப் பீடத்தின் நான்கு மூலைகளிலும் முறையே நிறுத்தி, ஒவ்வொரு மூலைக்கும் மேல் நீர்மட்டம் எத்துணை உயரத்தில் உள்ளதென அளக்க. சுற்றுமுறையில் 100, 102, 105, 103 மி.மீ. எனக் கிடைத்தால், எதிர்மூலைகளின் கூட்டுத்தொகை இருபாலும் 205 ஆகும். ஆகவே பீடம் சாய்ந்துள்ளதேயன்றி முறுகவில்லை. 100, 102, 105, 100 எனக் கிடைப்பின் ஒரு கூட்டுத்தொகை 205, மற்றொன்று 202, முறுக்கு உண்டென்க.

பீடத்தைத் திருத்தும்போது மிக உயர்ந்து நிற்கும் காலை அவ்வாறே விட்டு, ஏனைய மூன்றனையும் அதற்கு ஒப்ப உயர்த்துதல் முறை. காலின் அடிப்பரப்பு முழுவதையும் தாங்குமளவு அகன்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகடோ உலோகத் தகடோ அண்டை கொடுக்க ஏற்றது. காகித அட்டை ஈரத்தில் ஊறி நசுங்கும், ஆகலின் விலக்கத்தக்கது. அண்டை என்றும் காலின் கீழேயே அமைதல் வேண்டும். தொட்டிக்கும் பீடத்துக்கும் இடையே செருகினால் பாரம் ஓரிடத்திற் குவிந்து கண்ணாடிக்கே கேடு விளையும். பீடத்தின் மேற்பலகையே கோணியிருப்பின், அண்டையால் அக்குறை தீராது. பலகையை இழைத்தோ மாற்றியோ செப்பனிடல் வேண்டும்.

ஈற்றில், கால்பங்கு நீர் வார்த்துச் சிறிது பொறுத்துப் பார்க்க. நீரின் மேற்பரப்பே யாவற்றினும் சிறந்த மட்டக்கருவி. விளிம்பிலிருந்து நீர்வரை நான்கு மூலைகளிலும் அளந்தால் சாய்வு விளங்கும். குழாய்மட்டத்தால் பீடத்தையும் மீண்டும் சோதிக்க. குறை காணின் நீரை இறைத்த பின்னரே திருத்துக. நீருள்ள தொட்டியைத் தூக்குதலும், அதன் பீடத்தை நெம்புதலும் ஒருபோதும் தகா. பாதியளவிலும், முழுதும் நிரப்பிய பின்பும், மறுநாளும் இவ்வாறே சோதித்துக் குறையின்மை கண்ட பின் மீன்களை விடுவோமாக. வெறும் பீடத்திற் செலவிடும் ஒரு நாழிகை, நிறைந்த தொட்டிக்குப் பல்லாண்டுக் காப்பாகும்.