ஐந்தால் வகுத்த கடன்

அன்புள்ள தம்பிக்கு,

தாம்பரம் கட்டடத்துக்கான உன் நிலநடுக்கக் கணக்கைப் பார்த்தேன். ஸ்டில்ட்டும் நாலு மாடியும், உயரம் 15 மீட்டர், எடை 10,000 கிலோநியூட்டன், நடுத்தர மண், மண்டலம் 3. பேஸ் ஷியர் 381 என்று மென்பொருள் சொல்கிறது, கையால் போட்டதும் அதேதான் என்று எழுதியிருக்கிறாய். இரண்டிலும் ஒரே தப்பு இருந்தால் விடையும் ஒன்றாகத்தானே வரும்?

அலைவு நேரம் 0.57 நொடி என்று எடுத்திருக்கிறாய். அது சுவரே இல்லாத வெறும் சட்டகத்துக்கான சூத்திரம். உன் பிளானில் மாடிக்கு மாடி செங்கல் சுவர் இருக்கிறதே! 16 மீட்டர் நீளத் திசைக்கு 0.09-ஐ உயரத்தால் பெருக்கி, நீளத்தின் வர்க்கமூலத்தால் வகு. 0.34 வரும், விசை 400 ஆகும். பத்தொன்பதுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பாய். இங்கே வித்தியாசம் சின்னது. வேறு உயரத்தில், வேறு மண்ணில் அப்படி இருக்காது.

விசையை உயரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பிரித்திருக்கிறாய், அந்த முறை சரி. தளங்களின் எடை சமம் என்று வைத்தால், திருத்திய 400-இல் மொட்டைமாடிக்கு 182, முதல் தளத்துக்கு வெறும் 7. ஆனால் ஸ்டில்ட் காலம்களுக்கு மேலிருந்து இறங்கி வரும் மொத்தம் முழு 400. அங்கேதான் சுவர் கிடையாது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் அதிர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கார் நிறுத்தத் திறந்து விட்ட கீழ்த்தளங்கள்தான் மடிந்தன. அகமதாபாத்தும் மண்டலம் 3 என்பதை மறந்துவிடாதே.

அடுத்தது, 'மண்டலம் 3, ஆகவே செங்குத்து விசை தேவையில்லை' என்ற உன் குறிப்பு. நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் மண்டலம் 4, 5 மட்டுமா இருக்கிறது? ஒழுங்கற்ற கட்டடம், மென்மண், நீண்ட ஸ்பான், பெரிய துருத்தல் என்றும் போட்டிருக்கிறதே. உன் ஸ்டில்ட்டே ஓர் ஒழுங்கின்மை. செங்குத்துக் கெழு 0.0267, அதாவது திருத்திய கிடைமட்டக் கெழு 0.04-இல் மூன்றில் இரண்டு. பால்கனி மாதிரி துருத்தி நிற்பவற்றுக்கு அதைப் போல் ஐந்து மடங்கு. மூன்றில் இரண்டு என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, பூமி அதில் கையெழுத்துப் போடவில்லை. 2011 பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச்சில் சில நிலையங்களில் செங்குத்து அதிர்வு கிடைமட்டத்தையே மிஞ்சியது. ஆகவே ஒரு திசைக்கு முழுதும் மற்ற இரண்டுக்கு 0.3-உம் வைத்து, கூட்டல் கழித்தல் இரண்டு குறியிலும் ஓட்டு. 0.9 டெட் லோடு சேர்க்கையைத் தவறவிடாதே. காலம்களில் இழுவிசை வருமா என்று அங்கேதான் தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது R பற்றி, அதாவது விசையை வகுக்கும் அந்தக் குறைப்புக் கெழு பற்றி. மண்டலக் கெழுவை முதலிலேயே பாதியாக்கிவிட்டோம். அதற்குப் பிறகும் கட்டடம் சேதமில்லாமல் மீள வேண்டுமென்றால் 2,000 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். நாம் அதை ஐந்தால் வகுத்து 400-க்கு டிசைன் செய்கிறோம். மிச்சம் 1,600-ஐத் தள்ளுபடி செய்யவில்லை தம்பி, கடன் வைத்திருக்கிறோம். பீம் முனைகளில் கம்பி வளைந்து, நீண்டு, உடையாமல் இருந்தால்தான் அந்தக் கடன் அடையும். டிராயிங்கில் கம்பி அமைப்புக்கான விதிநூல் ஐ.எஸ். 13920 என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் R-க்கு 5 போட்டு டிசைன் செய்த ஒரு கட்டடத்தின் தளத்துக்குப் போனேன். ரிங் கொக்கிகள் எல்லாம் 135 டிகிரிக்கு வளையாமல் 90-இலேயே நின்றன. மேஸ்திரி, "வளைச்சா கான்கிரீட் இறங்காதுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்பியை நான் அவ்வளவு நெருக்கமாக வரைந்திருந்தேன். அன்றைக்கு என் பேஸ் ஷியர் கடைசி தசமம் வரை சரிதான்.

ஸ்டில்ட் காலம் ஷட்டரிங் மூடும் முன் எனக்கு ஒரு போன் போடு. 135 டிகிரி இருக்கிறதா, வளைவு தாண்டி விட்டத்தின் ஆறு மடங்கு, குறைந்தது 65 மில்லிமீட்டர் நீள்கிறதா என்று நீயே டேப் வைத்துப் பார். நானும் வருகிறேன். கணக்குத்தாளையும் எடுத்து வா, அந்த 0.57-ஐ அங்கேயே அடித்துத் திருத்திவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்