இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு தட்டும்

அழுத்து பொத்தான் வைத்த மின்சார சுவிட்சை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுத்ததும் அது தானே மேலெழும்புகிறதல்லவா? அடியில் இருக்கும் ஸ்பிரிங் செய்கிற வேலை அது. ஜப்பானில் நகோயா நகரில் இருந்த யமதா எலக்ட்ரிக் என்னும் தொழிற்சாலையில் இத்தகைய சுவிட்சுகளைச் செய்துவந்தார்கள. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். மிக எளிய வேலைதான். ஆனாலும் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங் விடுபட்டுப் போகும். வாங்கியவரிடமிருந்து புகார் வரும். தொழிலாளரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். சில நாள்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு மறுபடியும் ஒரு ஸ்பிரிங் விடுபடும்.

1961 இல் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியல் அறிஞர் அங்கே சென்று வேலைமுறையில் ஒரு சிறு மாற்றம் செய்தார். பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து நேரே பொருத்தக்கூடாது. முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்க வேண்டும். அதன்பின் தட்டிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். வேலை முடிந்த பிறகும் தட்டில் ஒன்று கிடந்தால், 'என்னை மறந்துவிட்டாய்' என்று அது சொல்லாமல் சொல்கிறது. புகார் நின்றுபோயிற்று.

இம்முறைக்கு முதலில் வைத்த பெயர் 'பாகா-யோகே'. 'முட்டாள்தனத் தடுப்பு' என்பது அதன் பொருள். 1963 இல் வேறொரு தொழிற்சாலையில் இதைப் புகுத்தியபோது, தாம் அவ்வளவு முட்டாளா என்று கேட்டு ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை 'போகா-யோகே' என மாற்றினார். 'கைத்தவறுதலைத் தடுப்பது' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தவறுவது மனித இயல்பு. அதற்காக ஆளை இழிவுபடுத்த வேண்டியதில்லை என்பது அந்த ஓரெழுத்து மாற்றத்தில் அடங்கிவிட்டது.

அம்பத்தூரை அடுத்த பாடியிலுள்ள தொழிற்சாலைகளுக்கு இந்தப் பெயர் புதியதன்று. தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 1998 இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதலில் பெற்றது அதுவே. 2004 இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் பெற்றது. 1964 இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் பலவற்றிலும் இத்தகைய முறைகளை இன்று காணலாம். சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் கோட்டால் வரையப்பட்டிருக்கும். ஒரு கருவி திரும்பி வராவிட்டால் அந்த வெற்றுருவம் எல்லார் கண்ணிலும் படும். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரை தொழிற்சாலைகளைப் பற்றியதன்று, மாணவர்களே. இத்தகைய தட்டும் பலகையும் மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தேவைப்படும் சில மனிதர்களைப் பற்றியது. அவர்களுக்கு உள்ள நிலையை மருத்துவர்கள் ஏ.டி.ஹெச்.டி. என்கிறார்கள், தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்பர். வாய் வலிக்கும் பெயர். முழுக்கப் பொருத்தமான பெயரும் அன்று.

ஏ.டி.ஹெச்.டி. என்றதும் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பான சிறுவனே நம் நினைவுக்கு வருவான். 1902 இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவரும் இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே வருணித்தார். மீசை முளைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1976 இல் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் பால் வெண்டர் முதலிய மருத்துவர்கள், பெரியவர்களிடமும் இது தொடர்கிறது என்று எழுதினார்கள். ஓட்டமும் குதிப்பும் வயதோடு குறைகின்றன. மறதியும் பரபரப்பும் பலரிடம் தங்கிவிடுகின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வயது வந்தோர் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கிறது. 500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கக்கூடும்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கித் தொழிற்பேட்டைக்கு நடந்து செல்பவர். ஐ.டி.ஐ. படித்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். காலையில் நேரத்தோடுதான் எழுகிறார். ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் சைக்கிள் செயினைச் சரிசெய்துவிடலாமென்று உட்காருகிறார். நிமிர்ந்து பார்க்கையில் ரயில் போய்விட்டது. பட்டறையில் சூப்பர்வைசர், "பத்து பீஸுக்கு ஒரு தடவை வெர்னியர் வைத்து அளந்து ஜாப் கார்டில் எழுதுப்பா" என்கிறார். "சரிங்க சார்" என்று மனதாரத்தான் சொல்கிறார். முப்பது பீஸ் வரை ஒழுங்காக எழுதுகிறார். அப்போது பக்கத்து மெஷினின் பெல்ட் வழுக்கும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். எத்தனை பீஸ் ஓடியது? எதை அளந்தோம்? நினைவில்லை.

அதே மனிதர், லேத் ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் நான்கு மணி நேரம் அதோடு போராடி, மற்றவர் கண்ணில் படாத குறையைக் கண்டுபிடித்துவிடுகிறார். சூப்பர்வைசர் என்ன முடிவுக்கு வருவார்? "மனசு வைத்தால் செய்கிறான், மற்ற நேரத்தில் திமிர்." தர்க்கப்படி சரிபோலத் தோன்றும் இந்த முடிவுதான் பலருடைய வேலைக்கும் பலருடைய தன்மானத்துக்கும் உலை வைத்திருக்கிறது.

அது ஏன் தவறு என்று பார்ப்போம். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிக்கு முன்மடல் என்று பெயர். எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது, இப்போது எதை அடக்கிக்கொள்வது என்று தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. செயல்நினைவு என்பதும் அதைச் சார்ந்தது. ஒரு செய்தியைச் சில நொடிகள் கையில் ஏந்தியிருப்பதுபோல மனத்தில் ஏந்தி, அதைக் கொண்டு வேலை செய்யும் திறமையே செயல்நினைவு.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் ஆறு இலக்கங்களை மெதுவாகச் சொல்லட்டும். நீங்கள் அவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு வேறு ஆறு இலக்கங்களோடு அதையே செய்யுங்கள். இம்முறை மற்றொரு நண்பர் உங்கள் காதருகே ஒரு சினிமாப் பாட்டைப் பாடட்டும். இலக்கங்கள் நழுவிப் போவதை உணர்வீர்கள். (இதில் தோற்றவருக்கெல்லாம் ஏ.டி.ஹெச்.டி. என்று பட்டம் சூட்டிவிடாதீர்கள். பாட்டுக் கேட்டால் எல்லாருக்கும்தான் நழுவும்.) நம் தொழிலாளிக்கோ அந்தப் பாட்டு ஏறக்குறைய நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு டோப்பமின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. 'இது முக்கியம், இதைத் தொடர்ந்து செய்' என்ற குறிப்பு முன்மடலுக்குக் கிடைப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களிடம் இந்த ஏற்பாடு வேறுவிதமாக இயங்குகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. புதிய வேலை, அவசர வேலை, உடனே பலன் தெரியும் வேலை ஆகியவை அந்தக் குறிப்பைத் தாமே எழுப்பிவிடுகின்றன. பழுதான லேத் அப்படிப்பட்டது. ஜாப் கார்டு அப்படிப்பட்டதன்று. அதன் பலன் மாதக் கடைசியில், யாரோ ஒருவருடைய பதிவேட்டில் வரும். ஆகவே அவரிடம் கவனம் இல்லாமலில்லை. அதை எங்கே திருப்புவது என்னும் திருகுதான் அவர் கைக்கு முழுதும் அடங்குவதில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. வளர்ப்பைக் குறை சொல்வதற்கு அதிக இடமில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் ரஸ்ஸல் பார்க்லி ஒரு கருத்தை வலியுறுத்திவருகிறார். இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை உரிய இடத்தில், உரிய நொடியில் செய்வதுதான் கடினம் என்பது அது. அப்படியானால் அறிவுரையால் என்ன பயன்? அறிவுரை தெரியாததைத் தெரிவிக்கும். இங்கே தெரியாதது எதுவுமில்லை. ஸ்பிரிங்கை விட்டவர்களைக் கண்டித்தபோது சில நாள்கள் மட்டும் பலன் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

எனவே தேவைப்படுவது தட்டு. அதுவும் தவறு நிகழும் இடத்திலேயே. நம் தொழிலாளியின் மெஷினருகே பத்துக் குழிகள் கொண்ட ஒரு மரத் தட்டை வைத்துவிடலாம். முடிந்த பீஸை ஒவ்வொரு குழியிலும் வைக்க வேண்டும். தட்டு நிறைந்தால் வெர்னியரை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எண்ணவும் வேண்டாம்; நினைவில் வைக்கவும் வேண்டாம். பக்கத்து மெஷினை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் தட்டு அங்கேயே இருக்கும். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் ஆண்டு முழுவதும் ஒருவரைத் திட்டிக்கொண்டிருக்கும் பட்டறைகளைப் பார்த்தால், யாருக்குக் கவனக்குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டிலும் இப்படியே. அடையாள அட்டையும் ரயில் பாஸும் வாசற்கதவின் ஆணியில் தொங்க வேண்டும், பீரோவில் அன்று. ரயில் நேரத்துக்கு ஓர் அலாரம் போதாது. செருப்பை மாட்ட வேண்டிய நேரத்துக்கு இன்னொன்று வேண்டும். மின்கட்டணமும் கடன் தவணையும் சம்பளம் வந்த மறுநாளே வங்கிக் கணக்கிலிருந்து தாமாகக் கழிந்துவிட வேண்டும். இத்தகைய தட்டுகள் சில மாதங்களில் பழகிப்போய்க் கண்ணில் படாமல் போவதுண்டு. அப்போது இடத்தையோ நிறத்தையோ மாற்ற வேண்டியதுதான்.

ஓரிடத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. பவர் பிரஸ் என்னும் இயந்திரம் ஒரே அடியில் தகட்டை வெட்டும். விரல் இருந்தால் விரலையும் வெட்டும். இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும்படி அதை அமைக்கலாம். அப்போது இரு கைகளும் வெளியே இருந்தே தீரும். இதுவும் ஒரு போகா-யோகேதான். உற்பத்தி வேகத்துக்காக ஒரு பொத்தானைக் கட்டிவைப்பது எவருக்கும் ஆபத்து, ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதால் அவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து.

ஏ.டி.ஹெச்.டி. ஒரு வரம் என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். ரயிலைத் தவறவிட்டுச் சம்பளப் பிடித்தம் ஆனவரிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவரை எண்ணிக்கை வேலையிலிருந்து பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றினால் அவருக்கும் பட்டறைக்கும் நன்மை என்பது மட்டும் உறுதி.

மருந்தும் உண்டு. 1944 இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்னும் வேதியியலார் மெத்தில்ஃபெனிடேட் என்ற பொருளை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அது 'ரிட்டாலின்' ஆயிற்று. நரம்பணுக்கள் வெளியிட்ட டோப்பமினையும் நார்அட்ரினலினையும் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது; அதனால் குறிப்பு சற்று நேரம் நிலைக்கிறது. நம் நாட்டில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இது இருக்கிறது. மருத்துவர் சீட்டின்றி வாங்குவதும், தேர்வுக்காக நண்பரிடம் கேட்டு விழுங்குவதும் குற்றம். இதயத்துக்கும் கேடு வரலாம். மருந்தால் தட்டின் தேவை போய்விடுவதுமில்லை.

இந்த நிலை இருக்கிறதா என்று அறிய இரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ கிடையாது. மனநல மருத்துவர் நேரில் விசாரித்தே முடிவு செய்ய வேண்டும். சென்னை மேற்குப் பகுதியினர் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலும் வழி கேட்கலாம். தூக்கமின்மை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் கவனம் சிதறும் என்பதால் மருத்துவர் முதலில் அவற்றை விலக்கிப் பார்ப்பார். 2013 இல் வகுத்த விதிப்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நாற்பது வயது ஃபிட்டருக்குத் தம் பத்து வயதுக் கதை எங்கே நினைவிருக்கப் போகிறது? ஆகவே தாயாரையோ அக்காவையோ உடன் அழைத்துவரச் சொல்வார்கள். பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கை இருந்தால் அதையும் கேட்பார்கள். 'புத்திசாலி, ஆனால் கவனம் போதாது' என்று ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய வரி அங்கே சாட்சியாகிவிடும்.